காசநோய் வந்தவரை ஊருக்கு அனுப்பாதீர்கள்: திருப்பூர் முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கும், மேனேஜர்களுக்கும், வெளியூர் ஆட்களை அழைத்து வரும் காண்ட்ராக்டர்களுக்கும் வணக்கம்.

ஒரு தொழிலாளிக்குக் காசநோய் என்று ரிப்போர்ட் வந்ததும் உங்களில் பலர் செய்வது ஒன்றுதான். அந்த வாரச் சம்பளத்தைக் கணக்கு முடித்துக் கொடுத்து, "ஊருக்குப் போய் உடம்பைப் பாருப்பா, சரியானதும் வா" என்று அனுப்பிவிடுகிறீர்கள். கையில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து அனுப்புபவர்களும் உண்டு. மீதி முந்நூறு பேரைக் காப்பாற்றத்தான் இப்படிச் செய்கிறோம் என்று நீங்கள் மனதார நம்புவது எனக்குத் தெரியும். காசநோய்க் களப்பணியில் பல வருஷம் இருந்தவன் நான். அந்த முந்நூறு பேருக்கும் இதனால் ஆபத்து கூடுகிறது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நுரையீரலில் காசநோய் உள்ளவர் இருமும்போது கிருமி மிக நுண்ணிய துளிகளாகக் காற்றில் கலக்கிறது. அவை கீழே விழாமல் மணிக்கணக்கில் மிதக்கும். பூட்டிய அறையின் மூலையில் ஊதுபத்தி ஏற்றினால் அறை முழுக்க மணப்பதும், ஜன்னலைத் திறந்தால் மணம் போய்விடுவதும் போலத்தான் இதுவும். ஆகவே, அவரோடு ஒரே அறையில் நாள்கணக்கில் மூச்சு விடுபவருக்குத்தான் ஆபத்து அதிகம். அவர் குடித்த டம்ளரால், தொட்ட கதவால், தைத்த துணியால் நோய் பரவாது. டீ குடிக்கத் தனி டம்ளர் வைப்பதால் அவர் மனம் நோகும், வேறு பயன் இல்லை. கழுத்தில் நெறி கட்டியோ முதுகெலும்பிலோ மட்டும் காசநோய் இருந்தால், அவர் இருமினாலும் அடுத்தவருக்கு வராது. கழுத்துக் கட்டிக்கு மாத்திரை சாப்பிடும் பெண்ணை ஹாஸ்டலை விட்டு அனுப்புவதில் என்ன நியாயம் இருக்கிறது?

கிருமி உள்ளே போனவர் எல்லாரும் நோயாளி ஆவதும் இல்லை. உலகத்தில் சுமார் நாலில் ஒருவர் உடம்பில் இந்தக் கிருமி நுழைந்திருக்கும் என்பது கணக்கு. அவர்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் நோய் வரும். சத்தான சாப்பாடு இல்லாதவர், சர்க்கரை நோய் உள்ளவர், எச்.ஐ.வி. உள்ளவர், பீடி சிகரெட் பிடிப்பவர், குடிப்பவர் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். ஒன்றரை ஷிஃப்ட் வேலை பார்த்துவிட்டு, ஊருக்குப் பணம் அனுப்புவதற்காக வயிற்றைக் கட்டும் பையன்களை நினைத்துப் பாருங்கள். உங்களிடம் வேலை பார்க்கும் பலரின் சொந்த ஊரான ஜார்க்கண்டில் ஓர் ஆய்வு நடந்து, முடிவுகள் 2023இல் வெளிவந்தன. நோயாளியின் குடும்பத்தாருக்கு உணவுப் பொருள்கள் கொடுத்ததிலேயே, அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. கேன்டீன் சாப்பாட்டில் முட்டையும் பருப்பும் சேர்ப்பதை நோய்த் தடுப்புச் செலவு என்றே நான் சொல்வேன்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சாதாரண மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய் என்றால், மாத்திரை தொடங்கியதும் பரப்பும் தன்மை வேகமாகக் குறையும். பொதுவாக இரண்டு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டவரால் அடுத்தவருக்கு ஆபத்து மிகக் குறைவு. மருந்துக்குக் கட்டுப்படாத வகை என்றால் எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்று டாக்டர் முடிவு செய்வார். அப்படியானால் உங்கள் கம்பெனியில் நோயைப் பரப்புவது யார்? மாதக்கணக்கில் இருமிக்கொண்டு, டெஸ்ட் எடுக்காமல், மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்தான். ரிப்போர்ட் வருவதற்கு முன்னால் நீங்கள் அனுப்பிய ஆளும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். கண்டுபிடித்து மருந்து தொடங்கியதும் அவரால் வரும் ஆபத்து விலகத் தொடங்குகிறது. சரியாக அந்த நேரத்தில் அவரை வெளியே அனுப்புகிறீர்கள்.

அதைப் பக்கத்து மெஷின்காரர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அவருக்கும் பத்து நாளாக இருமல் இருக்கலாம், சாயங்காலமானால் காய்ச்சல் அடிக்கலாம். இனி அவர் வாய் திறப்பாரா? மெடிக்கலில் சிரப் வாங்கிக் குடிப்பார். சூப்பர்வைசர் கேட்டால் "பஞ்சுத் தூசிண்ணே" என்பார். நம் ஊரில் இந்த ஒரு பதிலுக்குப் பின்னால் எத்தனையோ பேரின் நோய் ஒளிந்துகொண்டிருக்கிறது. தூசியால் இருமல் வரும், உண்மைதான். அது தூசியா கிருமியா என்பதைச் சளி டெஸ்ட் எடுத்தால்தான் சொல்ல முடியும். வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை அவர் எடுக்கவே மாட்டார்.

அனுப்பி வைத்தவரின் கதை என்ன? முன்பதிவில்லாத பெட்டியில் நெருக்கியடித்து ஒன்றரை நாள், இரண்டு நாள் பயணம். இங்கே மருந்து வாங்கிய இடத்தில் சொல்லிவிட்டுப் போனால் சிகிச்சையை ஊருக்கு மாற்றித் தருவார்கள். அவசரமாகக் கிளம்புகிறவருக்கு அதெல்லாம் யார் சொல்வது? கையில் இருக்கும் மாத்திரை தீர்ந்ததும் நின்றுவிடும். ஆறு மாத சிகிச்சையைப் பாதியில் விட்டால் நோய் திரும்பும், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியும் உருவாகலாம். பிறகு பிழைப்புக்காக அவர் திரும்ப வருவதும் இதே திருப்பூருக்குத்தான்.

காசநோயாளிகளைத் தங்கவைத்து வைத்தியம் பார்த்த பெருந்துறை சானடோரியத்தை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காசநோய் என்றால் ஊரை விட்டு ஒதுக்கி வைக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் உலகம் முழுக்க இருந்தது. அதை மாற்றியதில் பெரிய பங்கு நம் சென்னைக்கு உண்டு. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்து சிகிச்சை மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்தில் சேர்த்தது. மற்றவர்களை அவரவர் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தது. வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான ஏழைக் குடித்தனங்களில் இருந்தவர்கள். சாப்பாடும் ஓய்வும் குறைவு. அப்படியும் ஒரு வருஷ முடிவில் இரண்டு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் நோய் அதிகமாக வரவில்லை. 1959இல் இது வெளியானபின் பல நாடுகள் நோயாளிகளை வீட்டில் வைத்தே குணப்படுத்தும் முறைக்கு வந்தன. நம் மண்ணில் நிரூபித்த உண்மை இது. நம் கம்பெனி கேட்டுக்குள் இன்னும் நுழையவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

உங்களிடம் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருப்பவரை அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். டெஸ்ட்டும் மருந்தும் இலவசம். நோய் உறுதியானால், டாக்டர் சொல்லும் நாள்வரை லீவு கொடுத்து, அந்த இடத்தைக் காலியாகவே வைத்திருங்கள். அரசு மாதம் 1000 ரூபாய் ஊட்டச்சத்து உதவி தருகிறது. தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில் நீண்டகால நோய்களுக்கான பட்டியலில் காசநோய் இருக்கிறது. தகுதி உள்ளவருக்கு 80 சதவீதச் சம்பளம் இரண்டு வருஷம்வரை கிடைக்கும். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடிக்காமல் பீஸ் ரேட்டில் ஆள் வைத்திருக்கும் காண்ட்ராக்டர்களே, உங்கள் ஆட்களுக்கு இந்த வழி அடைபட்டிருப்பது உங்களால்தான். அப்புறம், ஒரே அறையில் அவரோடு தங்கியவர்களையும் டெஸ்ட்டுக்கு அனுப்புங்கள். தேவைப்பட்டால் தடுப்பு மாத்திரை தருவார்கள். ஹாஸ்டலிலும் லைன் வீட்டிலும் ஆணியடித்து மூடிய ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். யாருக்கு நோய் என்பதை ஃப்ளோர் முழுக்கச் சொல்ல வேண்டாம்.

வரும் சனிக்கிழமை சம்பளம் போடும்போதே தொடங்கலாம். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சொல்லலாம், டெஸ்ட்டுக்குப் போகும் நாளுக்குச் சம்பளம் உண்டு, நோய் என்று வந்தாலும் வேலை போகாது என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். ஹிந்தியிலும் ஒடியாவிலும் அதைத் திருப்பிச் சொல்ல ஓர் ஆளைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
காசநோய்க் களப்பணியாளராக இருந்த ஒருவன்