சுங்கச் சீட்டில் விற்றவர் பெயரையும் எழுதுங்கள்

செட்டிநாட்டு ஊர்களின் உள்ளாட்சி நிர்வாகத்தாருக்கும், சந்தைக் குத்தகைதாரர்களுக்கும், கால்நடைப் பராமரிப்புத் துறையினருக்கும்,

வணக்கம். கறிக்கடை வைத்துப் பிழைக்கும் ஒருவன் எழுதும் மடல் இது.

வாரச் சந்தையில் தரகர் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை முடிப்பதற்குள் நாங்களும் சும்மா நிற்பதில்லை. பல்லைப் பார்க்கிறோம், முதுகைத் தடவுகிறோம், கண் இமையை விலக்கி வெளுப்பா மஞ்சளா என்று பார்க்கிறோம். தாடைக்கடியில் வீங்கியிருந்தால் அந்த ஆட்டுப் பக்கமே போவதில்லை. ஆனால் ஈரலுக்குள் கிடக்கும் தட்டைப்புழு எந்தக் கண்ணுக்குத் தெரியும்? நுரையீரலில் நீர்க்கட்டி உள்ள கிடாயும் நன்றாகத் தின்றுகொண்டு துடிப்பாகத்தான் நிற்கும்.

அறுப்புமனையில் உரித்த பிறகுதான் விஷயம் வெளிப்படுகிறது. ஈரலோடு போனால் தாங்கிக்கொள்ளலாம். உடம்பெல்லாம் மஞ்சள் ஏறியிருந்தாலோ, ரத்தத்தில் கிருமி பரவியிருந்தாலோ முழு ஆட்டையும் கழிக்க வேண்டியதுதான். தின்ன உதவாது என்று கழிக்கும் கால்நடை மருத்துவரோடு எனக்கு வழக்கில்லை. நட்டம் முழுவதும் கடைசியாகக் கயிற்றைப் பிடித்தவன் தலையில் விழுவதைத்தான் சொல்கிறேன். வளர்த்தவர், கைமாற்றிய வியாபாரி, தரகர், சந்தைச் சுங்கம் வசூலித்தவர் எல்லோரும் காசை எண்ணிக்கொண்டு போயிருப்பார்கள்.

இதற்குப் பயந்தே சிலர் அறுப்புமனைப் பக்கம் வராமல் கடைக்குப் பின்னாலேயே வேலையை முடிக்கிறார்கள். அங்கே கெட்ட ஈரலும் நுரையீரலும் தெருநாய்க்குப் போகின்றன. நீர்க்கட்டிக்குக் காரணமான புழு நாயின் குடலில்தான் வளர்கிறது; அதன் முட்டை நாய்க் கழிவோடு புல்லுக்கு வந்து ஆட்டுக்குள் போகிறது, நம் பிள்ளைகளின் கைக்கும் வருகிறது.

ஒரு மருத்துவர் மணிக்கு 12, நாளுக்கு 96 உருப்படிக்கு மேல் சோதிக்கக் கூடாது, சோதனைக்குப் பின், அறுப்புக்கு முன் 24 மணி நேர ஓய்வு வேண்டும் என்கின்றன 2001-ஆம் ஆண்டு இறைச்சிக்கூட விதிகள். தீபாவளி விடியற்காலையில் இதெல்லாம் நடக்குமா என்று நான் கேட்கப்போவதில்லை. (கருப்பருக்கு நேர்ந்துவிட்ட கிடாய் சங்கதி வேறு. அது சந்தைக்கும் வராது, அறுப்புமனை முத்திரைக்கும் வராது.)

நான் கேட்பது சின்ன விஷயம். சந்தையில் என் கைக்கு வருவது சுங்கச் சீட்டு ஒன்றுதான். தொகை இருக்கும், தேதி இருக்கும். விற்றவர் பெயர் இருக்காது. பார்த்தும் தெரியாத குறைக்கு விற்ற வியாபாரியைக் கேட்க 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தில் இடமுண்டு என்று தெரிந்த வக்கீல் சொன்னார். எந்த ஊரில், யார் வீட்டு வாசலில் போய்க் கேட்பது?

ஆகவே விற்றவர் பெயரும் ஊரும், காதில் அடையாள வில்லை இருந்தால் அதன் 12 இலக்க எண்ணும் சீட்டில் ஏறட்டும். ஆடு கழிந்தால் காரணத்தை அந்த ஊர்க் கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவியுங்கள். தட்டைப்புழுவைச் சுமக்கும் நத்தை கண்மாய் வற்றும்போது கரையோர ஈரத்தில் கிடக்கிறது. ஒரே ஊர் ஆடுகளின் ஈரல் அடுத்தடுத்துக் கழிந்தால், அந்தக் கண்மாயில் மேயும் மந்தைக்கே குடற்புழு மருந்து கொடுத்துவிடலாம். நாலு ஆடு வளர்க்கும் அக்காவுக்கும் தன் ஆடு ஏன் எடை ஏறவில்லை என்று தெரியவரும். இன்று அவருக்குச் சொல்ல ஆளில்லை.

சுங்கத்தில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்கி, முழு ஆடும் கழியும்போது பாதி விலையாவது கொடுத்தால் பின்வாசல் அறுப்பும் குறையும். அடுத்த குத்தகை ஏல நிபந்தனைகளை எழுதும்போதே இவற்றைச் சேர்த்துவிடுங்கள். ஏலம் முடிந்த பின் குத்தகைதாரர் சம்மதிக்க மாட்டார்.

இப்படிக்கு,
செட்டிநாட்டுக் கறிக்கடைக்காரன்