உள்ளான்கள் சிவந்துவிட்டன

வேதாரண்யம்
ஏப்ரல் 14

அன்புள்ள குமரா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. உன் மகன் வேலையில் சேர்ந்ததை ரவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். உன் வாயால் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை போலிருக்கிறது! கல்யாணத்துக்காவது பத்திரிகை வருமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கோடியக்கரையில் வளைமூக்கு உள்ளான் பறவைகள் சிவந்துவிட்டன. பொங்கல் சமயத்தில் சாம்பலும் வெள்ளையுமாகத் திரிந்தவைதாம். இப்போது கழுத்து, மார்பு, வயிறு எல்லாம் செங்கல் நிறம். சிலதுக்குப் பாதிதான் மாறியிருக்கிறது, சாம்பல் இறகுக்கு நடுவே திட்டுத் திட்டாகச் சிவப்பு. தலை நிமிராமல் சேற்றைக் குத்திக்கொண்டே இருக்கின்றன. மற்ற நாளில் அறுபது கிராம் சுமாருக்கு இருக்கிற பறவை, கிளம்பும் முன் கொழுப்பு ஏற்றி வயிறு தொங்க நிற்கிறது. போக வேண்டியது சைபீரியாவின் வடகோடி, தைமிர் வரை. நேர்கோட்டில் பார்த்தாலே 7000 கிலோமீட்டருக்கு மேல்.

நேற்றுப் பொழுது சாயும் நேரத்தில் ஒரு கூட்டம் கிளம்பியதைப் பார்த்தேன். முதலில் ஒரே சலசலப்பு. இருபது முப்பது எழும்பும், உப்பளத்தை ஒரு வட்டமடிக்கும், பாதி திரும்பி இறங்கிவிடும். கடைசியில் ஒரு வரிசை மட்டும் கத்திக்கொண்டே மேலே மேலே ஏறி, வடக்கே திரும்பி, போயே போய்விட்டது. கை தட்ட வேண்டும் போலிருந்தது குமரா. பக்கத்தில் நீ இல்லாதது அப்போதுதான் உறைத்தது.

சேகர் வழக்கம்போலத்தான். கரண்டிமூக்கு உள்ளான் பார்த்தேன் என்று ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்து சத்தியம் செய்தான். உலகத்திலேயே சில நூறுதான் மிஞ்சியிருக்கிற பறவை, ஒரு காலத்தில் நம் கோடியக்கரைக்கும் வந்தது என்பதால் எனக்கும் தூக்கம் போயிற்று. காலையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் சாதாரணக் கொசு உள்ளான்! அலகு நுனியில் சேறு உருண்டையாக ஒட்டியிருக்கிறது.

ஆனால் என் மனதை அரிப்பது அபூர்வப் பறவை இல்லை. எப்போதும் கூட்டமாக வருகிற இந்த வளைமூக்கு உள்ளானையே 2024-இல் அழிய வாய்ப்புள்ள இனமாகப் பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். இங்கே குறைவாகத் தெரிந்தால் காரணம் இங்கேதான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. தைமிரில் லெம்மிங் எலி குறைகிற வருஷம் பனிநரி இதன் முட்டை, குஞ்சு பக்கம் திரும்பிவிடும். அந்த வருஷம் நமக்கு வருகிற கூட்டத்தில் இளசுகளே தென்படாது. அதே சமயம் நம் பக்கத்துச் சங்கதியும் இருக்கிறது. இதன் கால் எவ்வளவு, நம் விரல் நீளம்தான். சதுப்பில் தண்ணீர் அதற்கு மேல் நின்றால் இரை கைக்கெட்டாது, வற்றி வெடித்தாலும் கிடையாது. பருவம் தப்பி ஒரு மழை கொட்டினால் இந்தக் கடைசி வாரங்களின் தீனி போச்சு. அரைவயிற்றோடு கிளம்புகிற பறவை எங்கே போய்ச் சேரும்? 1967-லேயே சரணாலயம், 2002-இல் ராம்சர் தளம், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம். பலகை இருக்கிறது. தண்ணீர் மட்டத்தைத் தினமும் யார் பார்க்கிறார்கள், சொல்லு?

போன வருஷம் பிறந்தவற்றில் பெரும்பாலானவை சிவக்கவும் இல்லை, கிளம்பவும் போவதில்லை. கோடை முழுக்க இங்கேயேதான் கிடக்கும். அவற்றை ஆனி, ஆடியிலும் எண்ணப் போகிறேன்.

அதற்கு உன் உதவி வேண்டும். காலேஜ் நாளில் நாம் முனியப்பன் ஏரிப் பக்கம் எண்ணி எழுதிய நோட்டுகள் உன் வீட்டுப் பரணில்தான் இருக்க வேண்டும். தண்ணீர் எங்கே எவ்வளவு நின்றது என்றுகூட நீ எழுதுவாய், சேகர் கிண்டல் செய்வானே, அந்தக் குறிப்புதான் முக்கியம். கூரியரில் போடாதே, தொலைந்தால் வேறு பிரதி கிடையாது. நீயே எடுத்துக்கொண்டு வா. மாதக் கடைசிக்குள் வந்தால் மீதிக் கூட்டத்தையும் பார்க்கலாம். ஸ்கோப் என்னிடம் இருக்கிறது, முக்காலிதான் ஆடுகிறது, உன்னுடையதைக் கொண்டுவா.

அன்புடன்,
செல்வம்