அலாரம் தொழிலுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பாதுகாப்பு அலாரம் தொழிலுக்காக லாப நோக்கமின்றிக் குரல் கொடுக்கும் நம் கூட்டமைப்புக்குப் பணமும் நேரமும் உழைப்பும் தந்த ஒவ்வொருவருக்கும் இந்த மடல். நீங்கள் செய்ததன் பலன் உங்கள் வாசலோடு நிற்கவில்லை. சந்தா கட்டாத நிறுவனங்களும், நம் பெயரையே கேள்விப்படாத வீட்டுக்காரர்களும் அதை அனுபவிக்கிறார்கள். அமெரிக்காவில் 501(சி)(6) என்ற வரிச்சட்டப் பிரிவில் வரும் நம்மைப் போன்ற தொழில் சங்கத்துக்குத் தரும் பணத்தை அறக்கொடையாகக் காட்டி வரிக்கழிவு பெறவும் முடியாது. தெரிந்தேதான் கொடுத்தீர்கள். அதற்குத் தனியாக ஒரு நன்றி.

நம் தொழிலைத் தொடர்ந்து வருத்துவது பொய் அலாரம். காவல்துறைக்குப் போகும் திருட்டு அலாரங்களில் மிகப் பெரும்பாலானவை பொய்யானவை. காவலர்களின் கோபம் நியாயமானது. சம்பவ இடத்தில் உறுதிசெய்யப்படாத திருட்டு அலாரத்துக்குக் காவலர்களை அனுப்புவதில்லை என்று அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி நகரம் 2000-ஆம் ஆண்டிலேயே முடிவெடுத்தது. அப்படியொரு விதி இன்னொரு நகர மன்றத்தின் முன் வரும்போது, எங்கள் பிழைப்பைக் கெடுக்காதீர்கள் என்று கைகூப்பினால் எடுபடாது. எடுபடவும் கூடாது என்பேன். பொய் அலாரத்தைக் குறைக்க நாம் என்ன செய்கிறோம் என்று காட்ட வேண்டும்.

அதைக் காட்டியவர்களில் ஒருவர், வீடுகளின் அலாரச் சமிக்ஞைகளைப் பெறும் கண்காணிப்பு மையத்தின் பெண் ஊழியர். இரவுப் பணி முடிந்த கையோடு நேராகப் பொது விசாரணைக்கு வந்தார். ஒரு வீட்டின் பின்கதவு சென்சாரிலிருந்து சமிக்ஞை வருகிறது. முதல் எண்ணில் யாரும் எடுக்கவில்லை. முன்பெல்லாம் அந்த இடத்திலேயே காவல்துறையை அழைத்திருப்பார்கள். இவர் இரண்டாவது எண்ணை அழைக்கிறார். மகள் எடுக்கிறார், அப்பா தோட்டத்தில் இருக்கிறார், போன் உள்ளே கிடக்கிறது. கடவுச்சொல்லைச் சரிபார்த்து அலாரத்தை ரத்து செய்கிறார்கள். ரோந்து வண்டி கிளம்பவே இல்லை. இரண்டு எண்களை அழைத்த பிறகே காவல்துறைக்குச் சொல்வது என்ற நடைமுறையின் பயனை, நாங்கள் எழுதிய எந்த மனுவையும்விட அவர் பேச்சு தெளிவாக விளக்கியது. அம்மா, உங்களுக்குப் பெருங்கடன்பட்டிருக்கிறோம்.

அலாரத்தைப் போட்டுவிட்டு வெளியேறும் அவகாசம் இயல்பாகவே 60 வினாடி இருக்க வேண்டும் என்பது போன்ற விதிகளை, பொய் அலாரத்தைக் குறைப்பதற்கான சிபி-01 என்ற தரநிலையில் எழுதிவைத்த பொறியாளர்களையும் இங்கே நினைக்கிறேன். வீட்டுக்காரர் சாவியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அலறிய அலாரங்கள் எத்தனை!

பல அலாரங்கள் சமிக்ஞை அனுப்பிவந்த 3ஜி கைபேசி வலையமைப்பு மூடப்பட்ட காலத்தை நினைத்தால் இன்னும் மனம் பதறுகிறது. 2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் பெரிய வலையமைப்பு ஒன்று 3ஜி சேவையை நிறுத்தியது. பெருந்தொற்றுக் காலம்; முதியவர்கள் வீட்டுக்குள் யாரையும் விடத் தயங்கினார்கள்; சிப்புகளுக்கும் தட்டுப்பாடு. கூடுதல் அவகாசம் கேட்டுத் தொழில் தரப்பு மத்தியத் தகவல்தொடர்பு ஆணையத்திடம் மனு கொடுத்தும் தேதி தள்ளிப்போகவில்லை. தீ அலாரமும் மருத்துவ உதவிப் பொத்தானும் அதே 3ஜியை நம்பியிருந்த வீடுகள் பல. சிறு நிறுவனங்களின் தொழில்நுட்பர்கள் முகக்கவசத்தோடு வீடு வீடாகப் போய்ப் பெட்டியைத் திறந்து, சமிக்ஞை அனுப்பும் பழைய 3ஜி ரேடியோவைக் கழற்றிப் புதியதை மாட்டி, சோதனைச் சமிக்ஞை மையத்தைச் சேர்ந்ததாகப் பதில் வரும்வரை காத்திருந்தார்கள். அத்தனை அலைச்சலுக்கு நடுவிலும், ஆணையத்துக்குத் தர வேண்டிய விவரங்களைத் திரட்டிக் கொடுத்தவர்களும் அவர்களேதான்.

நம்மோடு ஒரே மேசையில் உட்கார்ந்து கசப்பான உண்மைகளை முகத்துக்கு நேரே சொன்ன காவல் அதிகாரிகளுக்கும், 911 என்ற அவசர அழைப்பு மையங்களின் பணியாளர்களுக்கும் நன்றி. அலாரத் தகவலை வாய்வழியாகச் சொல்லாமல் கணினியிலிருந்து கணினிக்கே அனுப்பும் ஏசாப் முறை, வர்ஜீனியாவின் ரிச்மண்டிலும் யார்க் கவுண்டியிலும் சோதிக்கப்பட்டு வளர்ந்தது. இரு தரப்பும் ஒன்றையொன்று நம்பியதால்தான் அது கைகூடியது. தெருப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும் வேலை மிச்சம். முகவரி தவறுவதும் குறைகிறது.

இன்னும் பல மாநகரங்கள் அந்த முறையில் சேரவில்லை. அடுத்த சுற்றுப் பேச்சுவார்த்தைக்கான விவரங்களைத் தொகுக்கத் தொடங்கிவிட்டோம். பணம் தர முடியாதவர்கள் தங்கள் பகுதிப் பொய் அலாரக் கணக்கை அனுப்பினாலே பேருதவி.

நன்றியுடன்,
கூட்டமைப்பின் தன்னார்வலர்கள் சார்பில்
செயலாளர்