குழந்தைகளின் படங்களை ஏன் எடுத்துவிட்டோம்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"என்னங்க, உங்க பக்கத்தையே காணோம்?" என்று இந்த மாதம் நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். கல்லாவில் நின்றபடி ஆளுக்குப் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. முழுதாகச் சொல்லிவிடலாம் என்று இந்த மடல்.

நம் கடையில் கைத்தறிப் பாவாடை சட்டை எடுத்தவர்கள் அனுப்பும் குழந்தைகளின் படங்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஒரு சமூக வலைத்தளத்தில் ஆறு வருடமாகப் போட்டு வந்தோம். காதுகுத்து அன்று மாம்பழ நிறப் பாவாடை கட்டி, மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, கண்ணில் நீர் காயாமலே சிரிக்கும் ஒரு குட்டியின் படம் உங்களுக்கு நினைவிருக்கலாம். சித்திரையில் அவள் அம்மா போன் செய்தார். "அண்ணே, எம் புள்ள படம் எவனோ விக்கிற பவுடர் விளம்பரத்துல வருதுண்ணே." அதே படம்தான். மூலையில் நம் கடைத் திண்ணையின் சிவப்புப் பூச்சுகூடத் தெரிந்தது. புகார் கொடுத்தோம். 11 நாள் கழித்து, விதிமீறல் எதுவும் இல்லை என்று ஒரு வரி வந்தது. அந்த அம்மா எங்களைத் திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று இரவே எல்லாப் படங்களையும் எடுத்துவிட்டோம். அப்புறம் நாணயமான வேறு இடம் உண்டா என்று தேடினோம்.

ட்விட்டர் மாதிரியான மாஸ்டடான் என்கிற தளம் எங்களுக்குப் பிடித்திருந்தது. 2016ல் தொடங்கியது. ஒரே முதலாளி கிடையாது. ஆங்காங்கே தனி ஆட்களும் குழுக்களும் சொந்தச் செலவிலோ நன்கொடையிலோ சர்வர் வைத்து நடத்துகிறார்கள், விளம்பரத் தொல்லையும் இல்லை. 2019 நவம்பரில், வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியபோது நம் நாட்டிலிருந்து பலர் அங்கே போனார்கள். இப்போது நாங்களும் இரண்டு வாரம் துணிப் படமாகப் போட்டுப் பார்த்தோம். உங்களில் ஒருவரைக்கூட அங்கே பார்க்கவில்லை.

ட்விட்டர் மாதிரியே வந்த கூ செயலி நினைவிருக்கிறதா? பெங்களூருவில் 2020ல் தொடங்கி, 2024 ஜூலையில் மூடிவிட்டார்கள். நம் ஊர் நிறுவனம் என்பதற்காகவே ஒன்றை நம்பி இறங்கத் தயங்குவதற்கு அது ஒரு காரணம். சோஹோ நிறுவனத்தின் அரட்டை என்கிற செய்திச் செயலி 2025ல் பரபரப்பாகப் பரவியபோது ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடிகிற பூட்டு, அந்த வாரங்களில் அழைப்புகளுக்கு இருந்தது, எழுதும் செய்திகளுக்கு இல்லை. காத்திருந்து பார்க்கலாம் என்று விட்டோம். அதில் எங்களுக்கு வருத்தம்தான்.

பார்த்ததில் மனசுக்கு நிறைவாக இருந்தது சிக்னல் என்கிற செய்திச் செயலி. லாப நோக்கமில்லாத அறக்கட்டளை நடத்துவது, நன்கொடையில் ஓடுகிறது, நம்மைப் பற்றி மிகக் குறைவாகவே சேர்த்து வைக்கிறது. கூப்பிட்டதும் வந்து சேர்ந்தவர்கள் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேருக்கும் நன்றி.

மீதிப் பேர் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறீர்கள். 2014ல் பேஸ்புக் வாங்கிய செயலி அது. இன்றைக்கு மெட்டா என்கிற அந்த நிறுவனத்தின் வருமானம் ஏறக்குறைய முழுவதும் விளம்பரத்தில் வருகிறது. நாம் எழுதுவதை அவர்களால் படிக்க முடியாது, சரி. ஆனால் யார் யாரோடு, எப்போது பேசுகிறோம் என்பது வேறு விஷயம், அது அவர்களுக்குத் தெரியும். 2021ல் வாட்ஸ்அப்பின் தனியுரிமைக் கொள்கையை மாற்றி, ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்று சொன்ன விதத்துக்காக, வணிகப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் நம் நாட்டின் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213 கோடி ரூபாய் அபராதம் போட்டது. இதெல்லாம் தெரிந்தும் எங்களால் வாட்ஸ்அப்பை விட முடியவில்லை. பாட்டி அனுப்பும் இடுப்பளவு, திருமங்கலத்துத் தையல்காரர் கேட்கும் சந்தேகம், எல்லாம் அதில்தான் வருகிறது.

ஆகவே இப்போதைக்கு இப்படிச் செய்கிறோம். வாட்ஸ்அப்பில் ஆர்டரும் அளவும் மட்டும். புதுச் சரக்கு வந்தால் துணியை மட்டும் படம் எடுத்து அனுப்புவோம். குழந்தைகளின் முகத்தை எந்தத் தளத்திலும் போட மாட்டோம். நீங்கள் முன்பு அனுப்பிய படங்களை எங்கள் போனிலிருந்தும் அழிக்க வேண்டுமானால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அன்றைக்கே அழித்துவிடுகிறோம். கல்லாவில் நீல அட்டை நோட்டு ஒன்று வைத்திருக்கிறோம். அதில் முகவரி எழுதிவிட்டுப் போனால், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் தபால் கார்டில் கையால் எழுதிப் போடுவோம்.

பிள்ளையின் படம் நம் கடையில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் பிரிண்ட் போட்டுக் கொண்டு வாருங்கள். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் இடம் ஒதுக்கியிருக்கிறோம். வேண்டாம் என்று தோன்றும் நாளில் நீங்களே கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம்.

அன்புடன்,
கடையிலிருந்து நானும் என் மனைவியும்
மதுரை