அம்மா கணக்கில் பணம் ஏறிவிட்டது

மாப்பிள்ளை,

நீ அனுப்பிய பணம் உன் அம்மா கணக்கில் நேற்று மதியம் ஏறியது. பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் நீ கேட்ட அத்தனை 'வந்துச்சா'வுக்கும் சேர்த்து இந்த ஒரு மெயில்.

ஆறு நாள் ஆனதற்குக் காரணம் இனிஷியல். டொராண்டோவில் உன் வங்கிப் படிவத்தில் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருந்திருக்கும், நீயும் நல்ல பிள்ளையாக இரண்டாவது கட்டத்தில் அப்பா பெயரை முழுசாக எழுதிவிட்டாய். இங்கே அம்மா கணக்கு ஒற்றை எழுத்து இனிஷியலோடு இருக்கிறது. கணக்கு எண் சரி, பெயர் வேறு. பணத்தை அப்படியே நிறுத்திவிட்டார்கள். கிளைக்குப் போனால் 'இந்தப் பெயரில் எங்களிடம் யாரும் இல்லையே சார்' என்கிறார் கவுன்டரில் இருந்த பையன், அம்மா என் பக்கத்திலேயே நிற்கிறார். ஆதார், பான், அப்பாவின் இறப்புச் சான்றிதழ் எல்லாம் கொண்டு போய்க் காட்டி, ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்த பிறகுதான் வழிக்கு வந்தார்கள். அடுத்த முறை பாஸ்புக் முதல் பக்கத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுது, இரண்டாவது கட்டத்தை நிரப்பித்தான் ஆக வேண்டும் என்றால் இனிஷியலை மட்டும் போடு.

பணம் எதற்கு வந்தது என்றும் கேட்டார்கள். குடும்பச் செலவு, பி1301 என்று நோக்கக் குறியீடு எழுதிக் கொடுத்தேன். 'இதுக்கு வரி கட்டணுமாடா' என்று அம்மா பயந்துகொண்டே இருந்தார், மகன் அம்மாவுக்குக் கொடுப்பதற்கு இங்கே வருமான வரி கிடையாது என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன்.

அப்புறம், நீ ஐபான் எண் கேட்டிருந்தாய், ஐரோப்பா பக்கம் பணம் அனுப்பக் கேட்கிற அந்த நீளமான கணக்கு எண். இந்தியாவில் அது கிடையாதுடா. கணக்கு எண், ஸ்விஃப்ட் கோடு (வெளிநாட்டு வங்கிகள் நம் வங்கியை அடையாளம் காண்பது), ஐஎஃப்எஸ்சி (உள்நாட்டில் கிளையை அடையாளம் காண்பது), இந்த மூன்று போதும். ஸ்விஃப்ட் கோடில் முதல் நாலு எழுத்து வங்கி, அடுத்த இரண்டு நாடு, அடுத்த இரண்டு ஊர், கடைசி மூன்று கிளை. பாதிக் கிளைகளுக்கு மேல் தனிக் கோடே இருக்காது, பெரிய கிளைக்குப் போய்த்தான் இங்கே வரும், அதனால்தான் ஐஎஃப்எஸ்சியும் வேண்டும் என்கிறார்கள். அதுவும் 11 எழுத்து, முழு ஸ்விஃப்ட் கோடும் 11 எழுத்து, மாற்றி எழுதுவது ரொம்ப சுலபம். ஐந்தாவது இடத்தில் சுழி இருந்தால் அது ஐஎஃப்எஸ்சி.

இதிலெல்லாம் நான் நிபுணன் ஆனது போன வருஷம், 2025 ஆகஸ்டில், பொண்ணை ஜெர்மனிக்கு அனுப்பியபோது. விசாவுக்கு ஒரு வருஷச் செலவு 11,904 யூரோவை முன்கூட்டியே அங்கே ஒரு முடக்கக் கணக்கில், மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்கிற கணக்கில், போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. கிளையில் போய் 'டி.டி. எடுக்கணும்' என்றேன், உடனே டிமாண்ட் டிராஃப்ட் படிவத்தை நீட்டிவிட்டார்கள். நான் சொன்னது டெலிகிராபிக் டிரான்ஸ்ஃபர், வெளிநாட்டுக் கணக்குக்கு நேராகப் பணம் அனுப்புவது. நம் வாயில் இரண்டும் ஒன்றுதானே! சிரித்துவிட்டு, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப நிரப்புகிற ஏ2 படிவம் கொடுத்தார் மேனேஜர். யூரோ நூறு ரூபாயைத் தாண்டி நின்ற நேரம், மொத்தம் 12 லட்சத்துக்கு மேல் போனது. 10 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 5 சதவீதம் டிசிஎஸ் என்று முன்கூட்டியே வரி வேறு பிடித்தார்கள், அது வருமான வரிக் கணக்கில் கழியும் என்பது ஒரு ஆறுதல்.

கட்டணம் யார் தலையில் என்று கேட்கும் இடத்தில் மூன்று வழி இருக்கிறது: மொத்தமும் அனுப்புகிறவர், மொத்தமும் வாங்குகிறவர், இல்லை ஆளுக்குக் கொஞ்சம். இருநூறு முந்நூறு மிச்சம் என்று நான் மூன்றாவதை டிக் அடித்தேன். புத்திசாலி! நடுவில் இருந்த ஒரு வங்கி 18 யூரோ எடுத்துக்கொண்டு மீதியைத்தான் தள்ளியது. முழுத் தொகை வராமல் விசாவுக்கான சான்றிதழ் தர மாட்டோம் என்றுவிட்டார்கள் ஜெர்மனியில் அந்த முடக்கக் கணக்கு வைத்திருந்தவர்கள். 18 யூரோவுக்காக இன்னொரு தடவை ஏ2, இன்னொரு தடவை கட்டணம், இந்த முறையும் நடுவில் கை வைப்பார்களே என்று பயந்து ஐம்பதாக அனுப்பினேன். வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

அப்போதுதான் மேனேஜரிடம் உட்கார்ந்து விவரமாகக் கேட்டேன். பணம் எங்கேயும் போவதில்லையாம். நம் வங்கி பிராங்பர்ட்டில் ஒரு வங்கியில் யூரோ கணக்கு வைத்திருக்கிறது, நோஸ்ட்ரோ என்கிறார்கள். இங்கே என் ரூபாயை எடுத்துக்கொண்டு 'எங்கள் கணக்கிலிருந்து இவ்வளவு எடுத்து இன்னாருக்குக் கொடுங்கள்' என்று ஒரு ஓலை அனுப்புகிறார்கள், அவ்வளவுதான். ஒரு காலத்தில் தந்தியில் போனது, அப்புறம் டெலக்ஸ், 1977இலிருந்து ஸ்விஃப்ட் என்கிற, வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் வலை. பெல்ஜியத்தில் 1973இல் 239 வங்கிகள் சேர்ந்து ஆரம்பித்த சங்கம் அது. தந்தி ஆபீஸையே மூடிவிட்டோம், பெயர் மட்டும் டெலிகிராபிக் டிரான்ஸ்ஃபர் என்றே நிற்கிறது.

ஓலை என்றால் எழுத்துதான் எல்லாம். 2016 பிப்ரவரியில் வங்காளதேச மத்திய வங்கியின் ஸ்விஃப்டுக்குள் திருடர்கள் புகுந்து, நியூயார்க்கில் இருந்த அதன் கணக்கிலிருந்து எடுக்கச் சொல்லி 35 ஓலை விட்டார்களே, கேட்டது கிட்டத்தட்ட 95 கோடி டாலர். பிலிப்பைன்ஸுக்கு 8.1 கோடி போயே விட்டது. இலங்கையில் ஒரு அறக்கட்டளைக்குப் போக இருந்த 2 கோடி மாட்டிக்கொண்டது, பவுண்டேஷன் என்பதை ஃபண்டேஷன் என்று தப்பாக எழுதியதால். திருட்டை எழுத்துப்பிழையில் பிடித்தவர்கள், அம்மாவையும் அதே கண்ணோடுதானே பார்ப்பார்கள்?

அடுத்த முறை கட்டணம் மொத்தத்தையும் நீயே ஏற்றுக்கொள். யுஇடிஆர் என்று 36 எழுத்தில் ஒரு எண் தருவார்கள், அதை வாங்கி எனக்கு அனுப்பு, பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்று பார்க்கச் சொல்லலாம்.

மொட்டைமாடி ஒழுகலுக்கு ஆள் பேசிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை வருகிறான். அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். உன் அப்பா பிலாயிலிருந்து மணியார்டர் அனுப்புவாரே, ஃபாரத்தின் அடியில் அந்தத் துண்டுச் சீட்டில் இரண்டு வரி எழுதியிருப்பார், அம்மா அதையெல்லாம் கம்பியில் குத்தி வைத்திருந்தது இன்னும் சமையலறையில் தொங்குகிறது. நேற்று பாஸ்புக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'இதுல அவன் ஒண்ணும் எழுதலையா' என்று கேட்டார். உன் படிவத்திலும் செய்திக்கென்று ஓர் இடம் உண்டு, 140 எழுத்து போகும். நீ காலியாக விட்டிருக்கிறாய். தமிழ் எழுத்து போகாது, இங்கிலீஷ் எழுத்திலேயே தமிழை எழுது. கிளையில் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வந்து நான் படித்துக் காட்டுகிறேன்.

உன்
பக்கத்து வீட்டுக்காரன்,
திருவானைக்காவல்