தை பிறப்பதற்குள் 2,15,000 ரூபாய்: நம் கோயில் நாகஸ்வர நாடாக்களுக்காக ஒரு வேண்டுகோள்

பேரன்புடையீர், வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். வாகன மண்டபத்தை ஒட்டிய அறையில் இருக்கும், நம் உற்சவ நாகஸ்வர வாசிப்பைப் பதிந்த 142 ஸ்பூல் நாடாக்களையும் (சக்கரத்தில் சுற்றிய பழைய டேப்) 265 கேசட்டுகளையும் கணினிக்கு மாற்ற மொத்தம் 4,89,000 ரூபாய் ஆகிறது. இன்றுவரை சேர்ந்திருப்பது 2,74,000. மீதி 2,15,000 ரூபாய் தை முதல் தேதிக்குள் கைக்கு வந்தாக வேண்டும்.

ஏன் அப்படியொரு கெடு என்று கேட்பீர்கள். ஸ்பூல் மிஷினைப் பழுதுபார்க்கவும் ஓட்டவும் தெரிந்த பெரியவர் ஒருவர் சென்னையிலிருந்து தன் மிஷினோடு வந்து நம் ஊரில் தங்கி வேலை செய்ய ஒப்புக்கொண்டிருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். சித்திரை முடிந்ததும் மகன் வீட்டோடு போய்விடுவார், மிஷினையும் விற்றுவிடுவார். இந்த வேலையில் அவசரப்படுத்த வழியே கிடையாது. ஒரு மணி நேர நாடாவை மாற்ற ஒரு மணி நேரம் அது ஓடித்தான் ஆக வேண்டும். நம்மிடம் இருப்பது ஏறக்குறைய 530 மணி நேரம். நாளைக்கு ஆறு மணி நேரம் ஓட்டினாலும் தொண்ணூறு நாள் பிடிக்கும். முழுப் பணமும் தயாராக இருந்தால்தான் கை வைப்பேன் என்கிறார். பாதியில் நின்றுபோன வேலைகளைப் பார்த்து நொந்தவர், அவரைக் குறை சொல்ல முடியாது.

இந்த நாடாக்கள் வந்த கதை பெரியவர்களுக்குத் தெரியும். இளையவர்களுக்காகச் சொல்கிறோம்.

1960களின் நடுவில் தெற்கு வீதியில் ரேடியோ கடை வைத்திருந்தவர் கடன்பட்டு ஒரு ஸ்பூல் டேப் ரெகார்டர் வாங்கினார். சினிமாப் பாட்டைப் பதிந்து கொடுத்திருந்தால் நல்ல காசு பார்த்திருக்கலாம். அவரோ பிரம்மோற்சவம் பத்து நாளும் கோபுர வாசலில் மைக்கை நட்டுவிட்டு, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். சுவாமி புறப்படுகிறபோது கம்பீரநாட்டை ராகத்தில் மல்லாரி என்ற புறப்பாட்டு இசை, வீதியில் மணிக்கணக்கில் ஆலாபனை, செம்பனார்கோயில்காரர்கள் பேர் வாங்கித் தந்த, நாகஸ்வரத்துக்கே உரிய ரக்தி, எல்லாம் முடிந்து பள்ளியறைக்குத் திரும்பும்போது நீலாம்பரி ராகம். நின்ற இடத்தில் வாசித்ததெல்லாம் முழுசாக விழுந்திருக்கிறது. தேர் நகர்ந்த பிறகு வாசித்தது தூரத்திலிருந்து வருகிற மாதிரி கேட்கும். அதற்கும் ஒரு அழகு உண்டு. அவருக்குப் பிறகு அவருடைய மருமகன் கேசட்டில் தொடர்ந்தார், 1990களின் கடைசி வரை.

மாயவரம் வட்டாரத்துக்காரர்களுக்கு நாகஸ்வரத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. திருவாவடுதுறை நமக்குக் கூப்பிடு தூரம், திருவெண்காடு அந்தப் பக்கம், செம்பனார்கோயில் இந்தப் பக்கம். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956இல் மறைந்தார். அவர் தோடி ராகத்தை விடிய விடிய வாசித்தார் என்று நம் தாத்தாக்கள் சொல்வார்கள். அவர் காலத்து இசைத்தட்டு ஒன்றை எடுத்தால் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான். அதற்குள் ராகத்தின் முகத்தைக் காட்டலாம், அவ்வளவே. விடிய விடிய வாசித்ததைப் பிடித்துவைக்க நாடா வர வேண்டியிருந்தது. நாடா நம் ஊருக்கு வந்தபோது அதைச் சரியான இடத்தில் வைக்க ஒருவர் இருந்தார். மல்லாரிக்குச் சாகித்யம், அதாவது பாட்டு வரிகள், கிடையாது, புத்தகத்தில் எழுதிக் காப்பாற்றிவிட முடியாது. வாசித்தவர்களின் மூச்சோடு அது இந்த நாடாவில்தான் இருக்கிறது.

போன மாதம் குழுவினர் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தோம். அட்டை மேல் ஊதா மையில், ‘ஆறாம் நாள், ரா. 11.40, கரகரப்ரியா, 2ஆம் நாடா’ என்று எழுதியிருக்கிறது. கீழே சின்ன எழுத்தில், ‘நாடா மாற்றியதில் கொஞ்சம் விட்டுப்போச்சு.’ ஏழு அங்குல ஸ்பூலில் 1,200 அடி நாடா, வேகத்தை வினாடிக்கு 7½ அங்குலத்தில் வைத்தால் 32 நிமிடத்தில் தீர்ந்துவிடும். வித்வான் தார ஸ்தாயியில், உச்சத்தில் நிற்கும்போது நாடா தீர்ந்தால் அந்த மனிதர் என்ன பாடுபட்டிருப்பார்! அதனால்தான் பிற்பாடு வேகத்தைப் பாதியாகக் குறைத்திருக்கிறார். துல்லியம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் ஆலாபனை அறுபடவில்லை. எங்களைக் கேட்டால் அவர் செய்ததுதான் சரி.

இன்னொரு டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி மூக்கில் அடித்தது. பழைய அசிட்டேட் நாடா சிதையத் தொடங்கினால் அப்படித்தான் நாறுமாம். நாடா சுருங்கி, ஓரம் அலை அலையாக நெளிந்துவிடும். ஒன்று அப்படி ஆனால் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும் என்பதால் அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறோம். 38 ஸ்பூல்களில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருக்கிறது. துடைக்காமல் ஓட்டினால் நாடாவைப் படிக்கும் மிஷின் ஹெட்டும் போகும், நாடாவும் போகும். ஆற்றங்கரை ஈரத்தில் இத்தனை வருடம் தாங்கியதே சுவாமி புண்ணியம்.

கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து, “ஸ்பீக்கர் பக்கத்தில் ஒரு செல்போனை வைத்துப் பதிந்தால் போதாதா?” என்று கேட்டார். கேள்வியில் தப்பில்லை. போதாது. கேசட் ஒவ்வொன்றுக்கும் ஹெட்டின் சாய்வைத் திருகித் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் ஒத்தும் (சுருதிக்கு ஊதும் குழல்) தாளமும் கம்பளிக்குள்ளிருந்து வருவது போல மங்கிவிடும். மிஷினிலிருந்து நேராகக் கணினிக்கு, 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் வேவ் கோப்பாகத்தான் எடுக்கப்போகிறோம். உலகத்து ஒலிக் காப்பகங்கள் கடைப்பிடிக்கிற அளவு அது. ஒரு மணி நேரத்துக்கு சுமார் 2 ஜிபி பிடிக்கும். கேட்பதற்கு எம்பி3 தனியாகப் போட்டுக்கொள்ளலாம்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். நாடா ஓட்டும் கருவிகளும் உதிரி பாகங்களும் 2025 வாக்கில் கிடைக்காமல் போய்விடும், அதற்குள் மாற்றிக்கொள்ளுங்கள் என்று யுனெஸ்கோவும் சர்வதேச ஒலிக் காப்பகச் சங்கமும் 2019இலேயே எச்சரித்துவிட்டன. நாம் கெடு தாண்டி நிற்கிறோம்.

சரி, கணக்குக்கு வருவோம். ஸ்பூல் 210 மணி நேரம், மணிக்கு 1,100 வீதம் 2,31,000 ரூபாய். கேசட் 320 மணி நேரம், மணிக்கு 450 வீதம் 1,44,000. பூஞ்சை பிடித்த 38 ஸ்பூலைச் சுத்தம் செய்ய ஒன்றுக்கு 1,500, ஆக 57,000. மூன்று ஹார்ட் டிஸ்க் 21,000: ஒன்று கோயிலில், ஒன்று பள்ளிக்கூடத்தில், ஒன்று வெளியூரில் இருக்கும், ஒரு வெள்ளத்தில் மூன்றும் போகக்கூடாது. பட்டியல் எழுதும் இரண்டு கல்லூரிப் பிள்ளைகளுக்கு மாதம் ஆளுக்கு 6,000, மூன்று மாதத்துக்கு 36,000. குழுவினர் யாருக்கும் இதில் காப்பிச் செலவு கூடக் கிடையாது.

இதுவரை கொடுத்தவர்களை நினைக்காமல் மேலே போக முடியாது. முதல் ரசீது ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவருடையது. பென்ஷன் வந்த அன்றே பத்தாயிரத்தோடு வந்தார், பெயரைப் பலகையில் போடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். சந்நிதித் தெருவில் பூக்கட்டும் பெண்கள் தங்களுக்குள் சீட்டுப் போட்டு 4,500 ரூபாய் சேர்த்தார்கள். ஆட்டோ ஸ்டாண்டு பிள்ளைகள் ஒருநாள் சவாரிக் காசை அப்படியே கொடுத்தார்கள். சிங்கப்பூரில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் பதினொரு பேர் சேர்ந்து ஒரு லட்சம் அனுப்பினார்கள். நாடாவில் வாசித்திருக்கும் தவில் வித்வான் ஒருவரின் பேத்திகள் தங்கள் பங்கைக் கொடுத்துவிட்டு, “தாத்தா வாசிப்பை நாங்க கேட்டதே இல்லை” என்றார்கள். இவர்கள் எல்லோருக்கும் சுவாமியும் அம்பாளும் குறைவில்லாமல் வைக்கட்டும்.

இனி சொல்வதை உரிமையோடு சொல்கிறோம், மனத்தாங்கல் கொள்ள வேண்டாம். ஆடி மாதக் கூட்டத்தில் 23 பேர் கை தூக்கித் தொகை சொன்னார்கள், எல்லோரும் கை தட்டினோம். பணம் கட்டியவர்கள் ஒன்பது பேர். மற்றவர்களின் பெயர் எங்கள் நோட்டில் இருக்கிறது, அதைப் படித்துக் காட்டும் உத்தேசம் இல்லை. வாணவேடிக்கைக்கு ஒரே ராத்திரியில் இதைவிடப் பெரிய தொகை புகையாகப் போவதை நாம் எல்லோரும் அண்ணாந்து பார்த்திருக்கிறோம். மேளக்காரர் ஊரிலேயே, கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளத்தைப் பென் டிரைவிலிருந்து போடுகிற காலம் வந்துவிட்டது. வித்வான்களுக்கு அவர்கள் உயிரோடு இருந்தபோது ஒழுங்காகச் சம்பளம் கொடுத்தோமா என்று கேட்டால் பல வீடுகள் தலை குனிய வேண்டியிருக்கும். அந்தக் கடனில் கொஞ்சமாவது அடைபடட்டும்.

பெரிய தொகை முடியாதவர்கள் ஒரு நாடாவுக்கு உபயம் செய்யலாம். ஸ்பூல் ஒன்றுக்கு 1,650 ரூபாய், கேசட் ஒன்றுக்கு 550. மண்டகப்படி போலவே, எந்த நாடா யார் உபயம் என்பது பட்டியலில் இருக்கும். அப்பா, அம்மா நினைவாகவும் செய்யலாம். வாசித்த வித்வான்களின் குடும்பத்துக்கு ஆளுக்கொரு பிரதி இலவசம். அவர்கள் சம்மதம் இல்லாமல் எதையும் இணையத்தில் போட மாட்டோம், விற்கவும் மாட்டோம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய உற்சவ கேசட் இருந்தால் கொண்டுவாருங்கள். போட்டுப் பார்க்க வேண்டாம், துடைக்கவும் வேண்டாம், இருக்கிறபடியே வரட்டும்.

கோயில் அலுவலகத்துக்கு எதிரே உள்ள அறையில் தினமும் மாலை 5 மணி முதல் 8 மணி வரை குழுவில் யாராவது இருப்போம். வெளியூர்க்காரர்கள் வங்கி விவரத்தை அங்கே இருப்பவர்களிடம் உறவினர் மூலம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வரவு செலவு வெள்ளிக்கிழமைதோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். முத்திரை போட்ட ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
நாடா காப்புக் குழுவினர்