சித்திக்கு: பீட்டர்ஸ்பர்க் போறப்ப ஒரு நாளை நோவ்கோரோடுக்கு ஒதுக்குங்க

அன்புள்ள சித்தி,

மாஸ்கோவும் பீட்டர்ஸ்பர்கும் டூர்காரங்களே சுத்திக் காட்டிடுவாங்கன்னு நேத்து போன்ல சொன்னீங்கல்ல, பீட்டர்ஸ்பர்க்ல உங்களுக்குன்னு விட்டிருக்கிற அந்த ரெண்டு நாள்ல ஒரு நாளை வெலிக்கி நோவ்கோரோடுக்கு குடுத்துடுங்க, முப்பது வருஷம் ஒண்ணாங்கிளாஸ் எடுத்தவங்க நீங்க, அந்த ஊரை நீங்க பாக்காம வேற யாரு பாக்கணும்.

காரணம் ஒரு பொடியன். பேரு ஓன்ஃபிம். 13ஆம் நூற்றாண்டுல அந்த ஊர்ல எழுத்துப் படிச்ச பையன், வயசு ஆறு ஏழு இருக்கும்னு சொல்றாங்க. அப்பல்லாம் அங்க பிர்ச் மரப்பட்டைலதான் எழுதுவாங்க, மை கிடையாது, எழுத்தாணியால ஓலைல கீறுவோமே அதே மாதிரி கூரான கம்பியால கீறுறது. இவன் ஒரு பட்டைல முதல் பதினொரு எழுத்து வரைக்கும் ஒழுங்கா எழுதியிருக்கான், அதோட விட்டுட்டு குதிரை மேல ஒரு வீரன் எதிரியை ஈட்டியால குத்துற படம் போட்டு பக்கத்துல தன் பேரை எழுதி வெச்சுட்டான்! இன்னொண்ணுல ஒரு பக்கம் நம்ம க கா கி கீ மாதிரி எழுத்தைக் கூட்டிக் கூட்டி எழுதியிருக்கான், திருப்பினா வால் சுருண்ட ஒரு மிருகம், "நான் ஒரு மிருகம்"னு அதுல எழுத்து வேற.

பெரியவங்க எழுதினதும் நிறைய இருக்கு சித்தி. கடன் பாக்கி, வீட்டு விவகாரம், மிகித்தான்னு ஒருத்தர் ஒரு பொண்ணுக்கு என்னைக் கட்டிக்கோன்னு எழுதினது கூட. படிச்சு முடிச்சா தூக்கிப் போட்டுடுவாங்க, ஆனா அந்த மண்ணு எப்பவும் ஈரம், காத்து உள்ள போகாது, அதனால மரம் மக்கல. தெரு சேறாக ஆக பழைய மரத்து மேலயே புதுசா மரம் அடுக்கி ரோடு போட்டிருக்காங்க, ஒரு தெருவைத் தோண்டினப்ப 28 அடுக்கு வந்துச்சாம். 1951 ஜூலை 26 அன்னிக்கு நீனா அகுலோவாங்கிற அம்மா கையிலதான் முதல் கடிதம் கிடைச்சுது, இப்ப 1100ஐத் தாண்டிடுச்சு. அந்த ஊர் கோட்டைக்கும் கிரெம்ளின்னுதான் பேரு, அதுக்குள்ள இருக்கிற மியூசியத்துல பட்டைகளை வெச்சிருக்காங்க, அவசரப்படாம நின்னு பாருங்க.

அந்த கிரெம்ளின் செங்கல் கோட்டை, வோல்ஹோவ் ஆத்தங்கரைல இருக்கு. உள்ள 1045ல ஆரம்பிச்சு 1050ல முடிச்ச சோஃபியா கதீட்ரல். பாலம் தாண்டினா அந்தக்கால வியாபாரிங்க இருந்த பக்கம், அங்க ஒரு தேவாலயத்துல கிரேக்கரான தியோஃபனஸ் 1378ல வரைஞ்ச சுவரோவியம் இருக்கு, அதையும் விட்டுடாதீங்க. ஊர்ச்சபை மணி அடிச்சுக் கூடி இளவரசனையே வெளிய அனுப்பின ஊரு இது, 1478ல மூன்றாம் இவான் ஊரைப் பிடிச்சு அந்த மணியையும் மாஸ்கோவுக்குக் கொண்டு போயிட்டார். எனக்கு அந்த மணியை நெனச்சாதான் மனசு கஷ்டமா இருக்கும்.

பீட்டர்ஸ்பர்க்ல மாஸ்கோவ்ஸ்கி ஸ்டேஷன்ல இருந்து லாஸ்தோச்கா ட்ரெயின், கிட்டத்தட்ட மூணு மணி நேரம். டிக்கெட்ல "வெலிக்கி"ன்னு இருக்கான்னு பாத்துக்கோங்க, நீஷ்னி நோவ்கோரோடுன்னு இன்னொரு பெரிய ஊரு மாஸ்கோவுக்குக் கிழக்க ரொம்ப தூரத்துல இருக்கு.

அப்புறம் ஓன்ஃபிம் படம் எங்க கண்ணுல பட்டாலும் அந்த மனுஷங்களோட விரலை எண்ணிப் பாருங்க சித்தி. ஒரு கைல மூணு இருக்கும், இன்னொண்ணுல நாலு இருக்கும். உங்க கிளாஸ் பசங்க போடுவாங்களே, அப்படியே.